வேலன் வெறியாட்டும் வேட்டையபுரத்து மாளிகையும்

காதலையும் அச்சத்தையும் நகைப்பையும் ஒரே திரைப்படத்தில் பிணைப்பது தவறா? தவறுதான் என்று முகம் சுளிப்போர் உண்டு. காதல் காவியம் என்றால் கண்ணீர் வேண்டும், பேய்க்கதை என்றால் நடுக்கம் வேண்டும், நகைச்சுவை என்றால் வயிறு குலுங்க வேண்டும், இவை ஒன்றோடொன்று கலந்தால் கலை கெட்டுவிடும் என்பது அவர்கள் வாதம். அந்த வாதத்தை நாம் ஏற்பதற்கில்லை. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என மெய்ப்பாடு எட்டு என்று வகுத்தது தொல்காப்பியம். வகுத்துக் காட்டியதேயன்றி, எட்டையும் எட்டுப் பேழையில் இட்டுப் பூட்டவில்லை. வாழ்க்கையில் இவை கலந்தே வருகின்றன. கலையில் மட்டும் ஏன் கலக்கக்கூடாது?

ஆகவே, கலந்தார்களே என்று நாம் கோபிக்கவில்லை. எப்படிக் கலந்தார்கள், எதற்காகக் கலந்தார்கள் என்றுதான் கேட்கிறோம். பட்டு நெசவில் கோர்வை என்று ஒரு முறை உண்டு. ஆரணித் தறிமேடைகளில் வேலை பார்ப்போரைக் கேட்டால் விளக்கிச் சொல்லுவர். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு வேறொரு நிறம். இரண்டுக்கும் தனித்தனி நாடா. உடலின் ஊடையும் கரையின் ஊடையும் சந்திக்கும் இடத்தில் ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும்படி நெய்ய வேண்டும். ஒருவர் கை போதாது. துணைக்கு இன்னொருவர் வேண்டும். அப்படி நெய்த சேலை நைந்து கிழிந்தாலும் கோர்வை பிரியாது என்பர். அதைவிட எளிய வழி ஒன்றும் உண்டு. வேறொரு துணியைக் கொண்டுவந்து ஓரத்தில் வைத்துத் தைத்துவிடலாம். எட்ட நின்று பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். இழுத்துப் பார்த்தால் சாயம் வெளுக்கும்!

இன்று வெள்ளித்திரையில் காதலும் பேயும் கோமாளித்தனமும் கலந்து வரும் படங்கள் கோர்வையா, ஒட்டுத்தையலா? இழுத்துப் பார்ப்போம்.

முதலில் நம் வீட்டுப் பெட்டகத்தைத் திறப்போம். காதலோடு அச்சத்தையும் நகைப்பையும் சேர்த்து நெய்தவன் இன்றைய இயக்குநன் என்று எண்ணிவிட வேண்டா. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே சங்கப் புலவன் அதைச் செய்திருக்கிறான். அகப்பாடல்களில் வெறியாட்டு என்னும் துறையை அறியாதார் இரார். ஐங்குறுநூற்றில் கபிலர் பாடிய குறிஞ்சிப் பகுதியில் வெறிப்பத்து என்றே ஒரு பத்து உண்டு. நற்றிணையிலும் குறுந்தொகையிலும் அகநானூற்றிலும் அத்துறைப் பாடல்கள் பல.

காட்சி என்ன? மலைநாட்டு இளைஞன் ஒருவனைக் காதலித்த மகள் மெலிகிறாள். வளை கழல்கிறது, பசலை படர்கிறது, உணவு செல்லவில்லை. தாய் கலங்குகிறாள். மகளை அணங்கு தாக்கிவிட்டது என்று முடிவு கட்டுகிறாள். கட்டுவிச்சி வருகிறாள், நெல்லையோ கழங்கையோ எண்ணிக் குறி சொல்லுகிறாள். முருகனின் சினம்தான் காரணம் என்கிறார்கள். வேலன் அழைக்கப்படுகிறான். களம் இழைக்கிறார்கள். மறி அறுக்கிறார்கள். குருதியில் தினை கலந்து தூவுகிறார்கள். நள்ளிரவில் பறை முழங்க வேலன் வெறியாடுகிறான். அச்சம் சூழ்ந்த காட்சிதானே? கொட்டகையில் விளக்கணைத்துக் காட்டினால் குழந்தைகள் கண்ணை மூடிக்கொள்வார்கள்.

ஆனால் அந்த அச்சத்தின் நடுவே ஒருத்தி சிரிக்கிறாள். அவள் தோழி! நோய் எது, நோய் தந்தவன் எவன் என்று அவளுக்குத் தெரியும். ஆட்டுக்குட்டியின் குருதியால் தீரும் நோயா இது என்று கேட்கிறாள். வேலனை எள்ளுகிறாள்; தாயின் அறியாமையைக் குத்திக் காட்டுகிறாள். நற்றிணைப் பாட்டொன்றில் அவள் இன்னும் ஒரு படி மேலே செல்லுகிறாள். இந்த நோய் உன்னால் வந்ததன்று என்று தெரிந்திருந்தும் அழைத்தார்கள் என்பதற்காக வந்து நிற்கிறாயே என்று முருகனையே அறியாமை உடையவன் என்கிறாள்!

தோழி கடவுள் மறுப்பாளர் அல்லள். அவளை நம் காலத்துச் சீர்திருத்தக்காரியாக ஆக்கிக் காட்டும் ஆசை நமக்கில்லை. ஆனால் அவள் செய்தது என்ன என்பதைக் கவனியுங்கள். அணங்கு என்று சொன்ன இடத்தில் காதல் என்று பெயர் மாற்றினாள். பூசை என்று சொன்ன இடத்தில் திருமணம் என்று மருந்து சொன்னாள். இதற்கு இலக்கணம் இட்ட பெயரோ அறத்தொடு நிற்றல். உண்மையைச் சொல்லுவதே அறத்தோடு நிற்பது! காதல் அச்சத்தைப் பிறப்பிக்கிறது; அச்சம் சடங்கை அழைக்கிறது; சடங்கு நகைப்பைக் கிளப்புகிறது; நகைப்பு உண்மையைத் திறக்கிறது; உண்மை காதலை வாழ வைக்கிறது. ஒன்றை உருவினால் மற்றவை நிற்கா. இதுவன்றோ கோர்வை!

பெட்டகத்தில் இன்னொரு சேலையும் இருக்கிறது. செயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணி. பன்னிரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முதற் குலோத்துங்கனின் படை கருணாகரத் தொண்டைமான் தலைமையில் கலிங்கத்தை வென்றதைப் பாடும் நூல். அதிலும் மூன்று சுவையும் உண்டு. கடைதிறப்பில் காதல், காடு பாடியது, பேய்களைப் பாடியது ஆகியவற்றில் அச்சம், களம் பாடியதில் நகைப்பு. போர்க்களத்தில் பேய்கள் கூழ் சமைக்கின்றன. குருடு, ஊமை, கருவுற்றது, கனாக்கண்டது என்று பேய்களிலேயே வகை; பார்ப்பனப் பேய், சமணப் பேய், புத்தப் பேய் என்று அவற்றிலும் சமயம்! படித்தால் சிரிப்பு வராமல் இராது. புலமையில் செயங்கொண்டார் எவர்க்கும் குறைந்தவரல்லர்.

ஆனாலும் ஒரு கேள்வி எழுகிறது. அந்தக் கூழ் எதில் ஆக்கப்பட்டது? மாண்ட வீரரின் உடலில். அவர்கள் யார்? எந்த ஊர் உழவன், எந்தத் தாயின் மகன்? பரணி கேட்பதில்லை. பேய்களின் ஆரவாரத்தில் பிணங்களின் பெயர் மறைந்துபோகிறது. நகைப்பு இங்கே எதையும் திறக்கவில்லை, மூடுகிறது. மன்னனின் வெற்றிமீது போர்த்திய பட்டாடை அது.

ஆக, நம் மரபில் இரண்டு நகைப்புகள். வெறியாட்டுப் பாடலின் நகைப்பு உண்மையைத் திறப்பது. பரணியின் நகைப்பு உண்மையை மூடுவது. இன்றைய பேய்ப்படத்தின் நகைப்பு எந்த வழி வந்தது? அளவுகோல் கிடைத்துவிட்டது, அளந்து பார்க்கலாம்.

தொல்காப்பியம் இன்னொரு குறிப்பும் தருகிறது. அச்சம் நான்கு இடங்களிலிருந்து பிறக்கும் என்கிறது: அணங்கு ஒன்று, விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, நான்காவது தம்மை ஆளும் அரசன். எண்ணிப் பாருங்கள்! பேயையும் அரசனையும் ஒரே வரிசையில் நிறுத்தியிருக்கிறார் அந்தப் புலவர். இதை நினைவில் வைத்துக்கொண்டு வேட்டையபுரத்து மாளிகைக்குள் நுழைவோம்.

வழியில் ஒரு பாழ்மனை. 1963இல் ஸ்ரீதர் உருவாக்கிய 'நெஞ்சம் மறப்பதில்லை'. சமீன்தாரின் மகன் எளிய குடியில் பிறந்த பெண்ணைக் காதலிக்கிறான். குலப்பெருமை குறுக்கே நிற்கிறது. முற்பிறவியில் முறிந்த காதல் அடுத்த பிறவியில் மீண்டும் துளிர்க்கிறது. அன்று தடுத்த சமீன்தாரோ நூறு வயதைக் கடந்தும் வன்மம் குன்றாமல் காத்திருக்கிறார். மெய்சிலிர்க்க வைத்த படம், மறுக்கவில்லை. ஆனால் குலப்பெருமை இந்தப் பிறவியில் செய்த கொடுமைக்கு அடுத்த பிறவியில் நீதி என்று தவணை சொல்லிவிட்டது அந்தக் கதை. காதலர்க்கு ஒரு பிறவி போதாதாம். கொடுமைக்காரருக்கு மட்டும் ஒரே பிறவியில் ஆயுள் நீளுமாம்! அதற்குப்பின் வந்த பாழ்மனைப் படங்கள் பலவும் அந்தத் தவணைச்சீட்டைத்தான் கையில் வைத்திருக்கின்றன.

1993இல் மலையாளத்தில் 'மணிச்சித்ரத்தாழ்' வெளிவந்தது. மது முட்டம் எழுத, பாசில் இயக்கிய படம். நடித்த சோபனாவுக்கு நாட்டின் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. அதைத் தழுவி 2004இல் கன்னடத்தில் 'ஆப்தமித்ரா', 2005இல் தமிழில் 'சந்திரமுகி', 2007இல் இந்தியில் 'பூல் புலையா'. தமிழ்ப்படத்தை இயக்கியவர் பி. வாசு, ரசினிகாந்து மனநல மருத்துவராகவும், சோதிகா கங்காவாகவும், வடிவேலு முருகேசனாகவும் நடித்தனர். சென்னை சாந்தி திரையரங்கில் ஈராண்டுக்கு மேல் ஓடிய படம். அதைப் பார்க்காத ஊர் தமிழ்நாட்டில் இருந்திருக்குமா என்பதே ஐயம்.

கதையின் உள்ளே ஒரு காதல் கதை இருக்கிறது. விசயநகரத்து ஆடலழகி சந்திரமுகி. அவள் உள்ளம் கவர்ந்தவன் குணசேகரன். வேட்டையன் என்னும் அரசன் அவளை விரும்பிக் கொண்டுவந்து மாளிகையில் வைக்கிறான். காதலர் ஒருவரையொருவர் மறக்கவில்லை என்று அறிந்ததும் அவன் தலையைக் கொய்கிறான். அவளை உயிரோடு கொளுத்துகிறான். பல தலைமுறை கழித்து, அந்த மாளிகையில் குடியேறிய கங்காவின் மனம் அந்தக் கதைக்குள் சென்று சிக்கிக்கொள்கிறது.

இந்தப் படத்திற்கு உரிய பாராட்டை முதலில் அளித்துவிடுவோம். பேய் பிடித்தது என்று எல்லாரும் சொல்லும்போது, இல்லை, இது மனநோய் என்று ஒருவர் எழுந்து சொல்லுகிறார். சொல்லுபவர் நாட்டின் மிகப்பெரிய நடிகர். அரங்கம் கைதட்டுகிறது. மேடைதோறும் நாம் தொண்டை வறளச் சொன்ன செய்தியை ஒரே மாலையில் இலட்சக்கணக்கானோர் காதில் போட்ட படம் அது. தோட்டக்காரரின் பேத்தி துர்காமீது எல்லாரும் ஐயுறுவதையும், ஐயம் பொய்யாவதையும் காட்டியது படம். ஏழைப் பெண்மீது எளிதில் பழி விழுகிறது என்னும் உண்மையும் அதில் இருக்கிறது. நன்று!

பிறகு குறைகளுக்கு வருவோம்.

மருத்துவர் உண்மையைச் சொன்னார். சொன்ன பிறகும், மந்திரம் அறிந்த ஆச்சாரியார் வந்தாக வேண்டியிருக்கிறது. பூசை நடந்தாக வேண்டியிருக்கிறது. மருத்துவத்தின் வெற்றிக்குச் சடங்கின் சான்றிதழ் தேவைப்படுகிறது. மாளிகைக்குள் அவ்வப்போது ஊர்ந்து வரும் பெரும்பாம்புக்கு மருத்துவரும் விளக்கம் தரவில்லை, ஆச்சாரியாரும் தரவில்லை! அறிவுக்கு ஒரு கண் சிமிட்டி, அச்சத்துக்கு ஒரு கண் சிமிட்டி, இரு சாராரிடமும் நுழைவுச்சீட்டு விற்கும் வணிகத் தந்திரம் அது.

நகைப்பு யார்மீது விழுகிறது என்று பாருங்கள். வடிவேலுவின் ஆற்றலுக்கு ஈடு இணை இல்லை. அந்த முகத்தில் ஓடும் நடுக்கத்தைக் கண்டு சிரிக்காதவர் இல்லை. ஆனால் நாம் சிரிப்பது எதைக் கண்டு? பேயென்று அஞ்சும் எளிய மனிதனைக் கண்டு. அவனுக்கு அந்த அச்சத்தை ஊட்டியவர்களைக் கண்டு நாம் சிரிக்கவில்லை. சங்கத்துத் தோழி வேலனைப் பார்த்துச் சிரித்தாள். நம் திரைப்படம் வேலனுக்கு மரியாதை செய்து, வேலனைக் கண்டு அஞ்சுபவனைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லுகிறது. நகைப்பின் முகவரியே மாறிவிட்டது!

இன்னொன்றும் நம் கண்ணில் படுகிறது. மலையாளப் படத்தில் அச்சுறுத்தும் நாகவல்லி தஞ்சையிலிருந்து வந்த தமிழ்ப்பெண். தமிழ்ப்படத்தில் சந்திரமுகியோ தெலுங்கு பேசுகிறாள். இந்திப் படத்தில் மஞ்சுலிகா வங்கப்பெண். ஒவ்வொரு மொழிக்காரருக்கும் பேயாக வருபவள் அடுத்த மொழிக்காரி! அதுவும் எப்படிப்பட்டவள்? ஆடல்மகள். அரசன் கொண்டுவந்து அடைத்து வைத்தவள். அயலாள், பெண், கலையை நம்பி வாழ்ந்தவள் என மும்மடங்கு எளியவளாகிய ஒருத்தியைத்தான் அச்சத்தின் உருவமாக நிறுத்துகிறார்கள். வாழ்ந்தபோது அவளுக்குக் குரலில்லை. மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் 1936இல் 'தாசிகள் மோசவலை' என்று புதினம் எழுதி, அந்த வாழ்வின் சிறையைத் திறந்து காட்டினார். 1947இல் சென்னை மாகாணம் சட்டம் இயற்றிப் பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடை செய்தது. அந்தப் பெண்ணின் வரலாறு இவ்வாறிருக்க, திரையில் அவளுக்குக் கிடைத்ததோ விரித்த கூந்தலும் விழி உருட்டலும்.

அந்த மாளிகையில் அஞ்ச வேண்டியது யாருக்கு? தலையைக் கொய்தவன் வேட்டையன். பெண்ணைக் கொளுத்தியவன் வேட்டையன். தொல்காப்பியம் சொன்ன நான்காவது அச்சம் அவன். படம் அந்த நான்காவதை எடுத்து முதலாவதன் பின்னே ஒளித்துவிட்டது. அரசனைக் கண்டு நடுங்க வேண்டிய நாம் அவனால் எரிக்கப்பட்டவளைக் கண்டு நடுங்குகிறோம். அவன் சிரிப்பையும் நடையையும் இளைஞர்கள் தெருவில் நடித்துக் காட்டி மகிழ்ந்தார்கள்! பேயை ஓட்டினார்கள், பேயாக்கியவனை ஓட்டவில்லை. இதுதான் நம் குற்றச்சாட்டின் சாரம்.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. 2023இல் அதே இயக்குநரின் 'சந்திரமுகி 2' வந்தது. அறிவு வளர்ந்திருக்க வேண்டிய காலம். நடந்ததென்ன? முதற்படத்தில் மனநோய் என்று விளக்கப்பட்டது, இரண்டாம் படத்தில் மெய்யான ஆவியாகவே வந்து நிற்கிறது! மருத்துவர் மெனக்கெட்டு மூடிய கதவை இரண்டாம் பாகம் உடைத்துப் போட்டது. ஒரு கண் சிமிட்டலும் போய், இரு கண்ணையும் மூடிக்கொண்டார்கள்.

எல்லாப் படத்தையும் ஒரே தராசில் தள்ளிவிடும் எண்ணம் நமக்கில்லை. 2011இல் ராகவா லாரன்சு எடுத்த 'காஞ்சனா'வில், திருநங்கை ஒருத்தி தன் வளர்ப்பு மகள் மருத்துவராக வேண்டும், ஏழைகளுக்கு மருத்துவமனை எழுப்ப வேண்டும் என்று நிலம் வாங்குகிறாள். அரசியல் செல்வாக்குடையவன் அந்நிலத்தைப் பறித்து அவளைக் கொல்லுகிறான். கேலிப்பொருளாகவே திரையில் காட்டப்பட்டுவந்த ஒரு கூட்டத்துக்குப் பாசமும் கனவும் உண்டு என்று கோடி மக்களுக்குக் காட்டியது அந்தப் படம். சரத்குமார் அந்த வேடத்தை ஏற்றதும் சிறுசெயலன்று. ஆயினும் ஒன்று கேட்கிறோம். தமிழக அரசு 2008இலேயே திருநங்கையர்க்கென நலவாரியம் அமைத்தது. 2014இல் உச்சநீதிமன்றம் அவர்தம் உரிமையை உறுதிசெய்தது. உயிரோடு இருப்போர் மனுக்கொடுத்தும் வழக்காடியும் உரிமை பெற்ற நாட்டில், திரையில் மட்டும் நீதி கிடைக்க அவள் ஏன் செத்தாக வேண்டும்? இறந்தால்தான் வலிமை, பேயானால்தான் பேச்சு என்பது ஒடுக்கப்பட்டோர்க்கு ஆறுதலா? உயிரோடு இருக்கும்வரை பொறுத்துக்கொள் என்னும் அறிவுரையா?

கடல்கடந்தும் ஒருமுறை பார்த்துவிடுவோம். ஆங்கில நாட்டில் சேன் ஆசுடன் 1813இல் 'பிரைடு அண்டு பிரெசுடீசு' என்னும் காதல் புதினத்தை வெளியிட்டார். ஐந்து பெண்மக்கள், தந்தைக்குப்பின் சொத்து அவர்களுக்கு இல்லை, ஆண்வழி உறவினன் ஒருவனுக்கு. அந்த அச்சம்தான் கதையின் அடிநாதம். 2009இல் சேத் கிரகாம் சுமித் என்பவர் அந்தப் புதினத்தின் பெரும்பகுதியை அப்படியே வைத்துக்கொண்டு, நடுநடுவே நடைபிணங்களைப் புகுத்தி ஒரு நூல் ஆக்கினார். 2016இல் அது படமாகவும் வந்தது. பெண்கள் வாளேந்திப் பிணங்களை வெட்டுகிறார்கள். வேடிக்கைதான். ஆனால் வாளுக்கு இரையாகும் பிணங்கள் வந்தபின், வாளால் வெட்ட முடியாத அந்தச் சொத்துச் சட்டத்தை யார் நினைப்பார்?

அதே அம்மையார் எழுதி, அவர் மறைந்த ஆண்டாகிய 1817இன் இறுதியில் வெளிவந்த 'நார்தாங்கர் அபே' என்னும் புதினத்தைப் பாருங்கள். பேய்க்கதைகளைப் படித்து மயங்கிய இளம்பெண் ஒருத்தி பழைய மாளிகையொன்றில் விருந்தினளாகத் தங்குகிறாள். நள்ளிரவில் பேழையைத் திறந்து மறைபொருள் ஏடு கிடைத்தது என்று நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் அது சலவைக் கணக்கு! வீட்டுத் தலைவர் மனைவியைக் கொன்றிருப்பாரோ என்று ஐயுறுகிறாள், அதுவும் பொய்யாகிறது. ஆனால் அந்த மனிதர் அவளுக்குச் செல்வமில்லை என்று அறிந்ததும், துணையின்றி அவளை வீட்டைவிட்டு வெளியேற்றுகிறார். பேய் இல்லை; பணவெறி இருந்தது. கொலைகாரன் இல்லை, மணமகளின் செல்வத்தை எடைபோட்ட மாமனார் இருந்தார்! இந்த நகைப்பு உண்மையைத் திறக்கிறது. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வெறியாட்டுப் பாடல் என்று இதைச் சொல்லத் தோன்றுகிறது நமக்கு.

"படந்தானே! மூன்று மணி நேரம் சிரித்துவிட்டு வருகிறோம். இதற்கு இத்தனை ஆராய்ச்சியா?" என்று கேட்பார் சிலர். கேட்பவர்க்கு ஒரு நாளை நினைவூட்டுகிறோம். 2001ஆம் ஆண்டு ஆகசுடு 6ஆம் நாள். இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், மனநோயாளரை வைத்திருந்த கொட்டகை ஒன்று தீப்பற்றியது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தனர். ஓட முடியவில்லை. 28 பேர் கருகி மாண்டனர். மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டியவரை, ஆவி விலகும் தீவினை அகலும் என்னும் நம்பிக்கையால் வழிபாட்டிடங்களின் நிழலில் விட்டுவைக்கும் வழக்கத்தின் முடிவு அது. எந்த மதத்தின் நிழல் என்பதன்று கேள்வி. எல்லா மதத்திலும் இந்த நிழல் உண்டு. 2017இல் இயற்றப்பட்ட மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளரை எவ்வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று விதித்தது. சங்கிலியை வெட்டச் சட்டம் வந்துவிட்டது. சங்கிலி மாட்டச் சொல்லும் எண்ணத்தை எந்தச் சட்டம் வெட்டும்?

கங்காவுக்கு அமெரிக்காவில் படித்த மருத்துவர் கிடைத்தார். தறிக்குழியில் காலைத் தொங்கவிட்டு நாள்முழுதும் அமர்ந்திருக்கும் பெண்ணுக்கு, உறக்கம் கெட்டு, பசி கெட்டு, தனக்குத்தானே பேசத் தொடங்கினால் யார் கிடைக்கிறார்? முதலில் வேப்பிலை; பிறகு உடுக்கை; பிறகு பிரம்பு. மருத்துவர் வருவது கடைசியில், கைப்பொருள் எல்லாம் கரைந்தபின். அந்த வீட்டில் முதல் நாளே ஒருவர், "இது நோய், மருந்து உண்டு" என்று சொல்லியிருந்தால்? அதைச் சொல்லும் துணிவைத் திரைப்படம் தரக்கூடும். 2005இல் பாதி தந்தது. 2023இல் அதையும் பறித்துக்கொண்டது. இதனால்தான் ஆராய்கிறோம்.

ஆரணியை அடுத்த பூசிமலைக்குப்பத்தில், காட்டின் நடுவே சாகீர்தார் குடும்பத்து மாளிகை ஒன்று சிதைந்து நிற்கிறது. வெள்ளைக்காரக் காதலி ஒருத்திக்காக எழுப்பியது என்று ஊர் சொல்லுகிறது. உடைந்த சன்னல்களையும் ஓங்கிய வளைவுகளையும் கண்டால் எந்த இயக்குநனுக்கும் ஒரு பேய்க்காதல் கதை உடனே தோன்றிவிடும். தோன்றட்டும். ஆனால் அந்த மாளிகையை எழுப்பியது எவர் கூலி, அதற்குச் செலவானது எவர் வரி என்று ஒரு கதாசிரியனுக்கேனும் தோன்றக்கூடாதா? சாகீர் என்றால் என்ன? ஊர் ஊராக வரி தண்டி உண்ணும் உரிமை! காதல் மாளிகைக்குள் உலவும் ஆவிகளைத் தேடுவோர், அதன் அடித்தளத்தில் புதைந்த உழைப்பைத் தேடுவதில்லை.

தேடினால் கிடைக்கும் என்பதற்கு ஒரு சான்று தருகிறோம். 'பூல் புலையா' என்னும் இந்திப் பேய்ப்படத்தை எடுத்த பிரியதர்சன்தான் 'காஞ்சிவரம்' எடுத்தார். 2007ஆம் ஆண்டுக்கான சிறந்த படம் என்னும் தேசிய விருதை அது பெற்றது. நெசவாளியாக நடித்த பிரகாசுராசு சிறந்த நடிகர் விருது பெற்றார். ஊருக்கெல்லாம் பட்டு நெய்யும் ஒருவன், மகளுக்குத் திருமணப் பட்டு உடுத்த ஆசைப்பட்டு, ஒவ்வொரு நாளும் பட்டிழையை வாயில் மறைத்துத் திருடிக்கொண்டு வருகிறான். இரவில் யாருமறியாமல் நெய்கிறான். அந்தப் படத்தில் ஆவி இல்லை, மாளிகை மர்மம் இல்லை. ஆனால் வாய்க்குள் நூலை வைத்துக்கொண்டு முதலாளியின் முன் அவன் நிற்கும் அச்சம் எந்தப் பேய்ப்படத்தில் உண்டு? தொல்காப்பியர் சொன்ன நான்காவது அச்சம் அது! பேயைக் காட்டி ஈட்டிய அதே கைதான் இதையும் ஆக்கியது. ஆகவே, கை இயலாததன்று, விரும்பவில்லை, அவ்வளவே.

கலைஞர்களை நாம் பிரசங்கம் செய்யச் சொல்லவில்லை. பேய்ப்படமே எடுக்காதீர் என்று தடையும் விதிக்கவில்லை. மூன்று கேள்விகளை மட்டும் முன்வைக்கிறோம். இளைஞர்களே, கொட்டகையிலிருந்து வெளிவரும்போது நீங்களும் இவற்றைக் கேளுங்கள். சிரித்தது யாரைப் பார்த்து? அஞ்சியவனையா, அஞ்ச வைத்தவனையா? அஞ்சியது யாரைப் பார்த்து? எரிந்தவளையா, எரித்தவனையா? காதல் யாருக்குக் கிடைத்தது? உயிரோடு இருப்பவருக்கா, ஆவிக்கு மட்டுமா?

வெறியாட்டுப் பாடல்களைப் படமாக்க இங்கே ஒருவரும் இல்லையா? கதை ஆயத்தமாக இருக்கிறது. மெலிந்த மகள், கலங்கும் தாய், கழங்கு எண்ணும் கட்டுவிச்சி, வேலேந்தி ஆடும் வேலன், நள்ளிரவு, பறையொலி, குருதித் தினை! அச்சத்துக்குக் குறைவில்லை. வேலனை எள்ளும் தோழி இருக்கிறாள்; நகைப்புக்கும் குறைவில்லை. மலையிலிருந்து இறங்கிவரும் காதலன் இருக்கிறான். சாதி குறுக்கே நின்று காதலரைக் கொன்று தண்டவாளத்தில் எறியும் இந்நாளில், இந்தக் கதையை இன்றைய ஊரில், இன்றைய உடையில் வைத்து எடுத்தால், மகளைப் பிடித்திருப்பது எது, தாய்தந்தையைப் பிடித்திருப்பது எது என்று நாடு உணராதா? சாதியென்னும் பேயை ஓட்ட எந்த ஆச்சாரியாராலும் ஆகாது. அறத்தொடு நிற்கும் தோழி வேண்டும்.

அந்தத் தோழியின் குரல் ஏட்டில் இருக்கிறது. திரைக்கு அது வரும்வரை, வீட்டில் ஒரு பெண் மெலிந்து மௌனமாகும்போது வேலனை அழைக்கப் புறப்படுவோரை வாசலில் நிறுத்தி, "என்ன நடந்தது என்று அவளையே கேளுங்கள்" என்று சொல்லும் கடமை நம்முடையது.